மணியை அடிப்பது யார்?

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். இரண்டு பேருக்குக் காப்பி போட்டான். ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைத் தொட்டியில் ஊற்றினான். மனைவி இறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. கைக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டான். கோர்ட்டில் யார் முதுகைப் பார்க்கப் போகிறார்கள்?

அவன் லிஃப்ட் பாதுகாப்பு வாரியத்தின் சட்ட அதிகாரி. கோர்ட் கட்டடத்து லிஃப்டே அடிக்கடி நடுவழியில் நிற்கிறது என்று வாரியம் அதைப் பராமரிக்கும் கம்பெனிமேல் வழக்குப் போட்டிருந்தது. விசாரணை தொடங்கும் முன்பே லிஃப்ட் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. "சரியாகிவிட்டது, வழக்கை வாபஸ் வாங்கலாம்" என்று குறிப்பு எழுதிய புத்திசாலி அவன்தான். வாங்கிய பிறகுதான் பூதம் கிளம்பியது: கம்பெனியின் வக்கீல் செலவை யார் கொடுப்பது?

"நம்ம வழக்குக்குப் பயந்துதான் ரிப்பேர் பண்ணாங்கன்னு சொல்லு. செலவு அவங்க தலையில விழும்" என்றார் இயக்குநர். "பழுதே இருந்ததில்லன்னு அவங்க ஜெயிச்சா நம்ம தலையில. அப்புறம் உனக்கு எல்லைக் கிளைக்கு மாற்றல்தான்."

மாற்றல் வந்தால், மாமியார் வீட்டில் வளரும் மகளை ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்க முடியாது.

செலவு விசாரணைக்காக அவன் கோர்ட்டுக்கு வந்தபோது, வழக்கைக் கேள்விப்பட்டிருந்த ஊரே படியேறிக்கொண்டிருந்தது. சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்த அவனால் முடியுமா? லிஃப்டில் ஏறினான். பின்னாலேயே கம்பெனி வக்கீலம்மாவும் ஏறினார். அவருக்கும் வேறு வழியில்லை.

கதவு மூடியது. ஒரு குலுக்கல். அப்புறம் அசைவே இல்லை.

நின்றுவிட்டது என்று அவன் சொன்னால், அவன் எழுதிய குறிப்பு பொய். அவர் சொன்னால், அவருடைய வாதம் பொய். இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் மெதுவா போகுது, இல்ல மேடம்?"

"பாதுகாப்பா போகுதுன்னு சொல்லுங்க தம்பி."

மின்விசிறி நின்றது.

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது?"

"உடம்பு வாகு மேடம். உங்களுக்கு?"

"வயசு."

அபாய மணி இருவருக்கும் நடுவில் சிவப்பாக இருந்தது.

"மூச்சு முட்டுனா அடிச்சிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"பெரியவங்க இருக்கும்போது நான் எப்படி மேடம்?"

இயக்குநர் போனில் வந்தார். "எங்கய்யா இருக்க?"

"லிஃப்ட்ல சார். வந்துக்கிட்டே இருக்கேன்."

"எப்படி ஓடுது?"

"அருமையா ஓடுது சார்."

"அருமை," என்று வக்கீலம்மா குறித்துக்கொண்டார். "கோர்ட்ல சொல்றதுக்கு ஆகும்."

அவன் தரையில் உட்கார்ந்தான். வக்கீலம்மா குனிந்து பார்த்தார்.

"முதுகெல்லாம் இப்படிக் கசங்கியிருக்கே, வீட்ல பாத்துச் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்றவ போய்ச் சேர்ந்துட்டா மேடம்."

வக்கீலம்மா குறிப்பேட்டிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "போகட்டும் விடுங்க. அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்கு. லிஃப்ட் நின்னுடுச்சுன்னு சேர்ந்தே எழுதிக் கொடுத்துடுவோம்."

அவன் வாழ்க்கையில் ஜெயித்த முதல் வழக்கு அது. வாயைத் திறந்து வாதாடாததால் கிடைத்த வெற்றி. கசங்கிய முதுகின்மேல் காகிதத்தை வைத்து வக்கீலம்மா எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாற்றல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை உண்டு. மணியை அடிக்க இரண்டு விரல்கள் ஒன்றாக நீண்டன.

அதற்குள் கதவு தானாகத் திறந்தது.

எதிரே மூட்டுவலிக்கார நீதிபதியம்மா. படியேற முடியாமல் லிஃப்டுக்காக வந்து நின்றிருந்தார்.

"நடுவழியில நின்னுடுச்சும்மா," என்று அவன் காகிதத்தை நீட்டினான். "ரெண்டு பேருமே ஒத்துக்கிறோம்."

நீதிபதியம்மா படித்தார். நிமிர்ந்து, கதவுக்கு மேலே கீழ்த்தளம் என்றிருந்த பலகையைப் பார்த்தார். உள்ளே வந்து, விளக்கு எதுவும் எரியாத பொத்தான்களைப் பார்த்தார்.

"எந்த மாடிக்குப் போகணும்னு ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட அழுத்தலையேப்பா!"