நீல ஜேயின் கணக்கு

"ரெண்டு பேர் போனாங்க, ஒருத்திதான் திரும்பி வந்தா! இன்னொரு ஆள் உள்ளதான் இருக்கான்!" என்று ஊரைக் கூட்டுவதுபோல மேப்பிள் மரத்திலிருந்து கத்தியது நீல ஜே பறவை.

பறவைகளை மறைந்திருந்து படம் பிடிக்கக் கொல்லையில் போட்ட மான் வேட்டைக் கூடாரத்துக்குள் கேமராவோடு ஒளிந்திருந்த ஆர்லோ தலையில் அடித்துக்கொண்டார். பறவைகளுக்கு எண்ணத் தெரியாதாம். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பினால், கூடாரம் காலி என்று நம்பிவிடுமாம். அதற்காகத்தான் மனைவி மாவிஸ் கூட வந்துவிட்டுப் போனாள். இந்த ஜே மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்ததோ!

இன்று படம் கிடைக்காவிட்டால் மானம் கப்பலேறிவிடும். காக்கை அளவுள்ள செங்கொண்டை மரங்கொத்தி தன் கொல்லைக்கு வருகிறது என்று பறவைச் சங்கத்தில் சொல்லித் தொலைத்திருந்தார். "படம் இருந்தா பறவை, இல்லன்னா புருடா!" என்று செயலாளர் பெர்னிஸ் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டாள். அவள் பக்கத்து வீட்டுக்காரி வேறு. சாயங்காலம் மறுபடி கூட்டம்.

மாவிஸ் தன் தம்பி ராய்ஸை இழுத்து வந்தாள். ஆர்லோவையும் வெளியே அழைத்து, மூவராகப் போய் இருவராகத் திரும்பினார்கள். ஜே இன்னும் உரக்கக் கத்தியது. போதாக்குறைக்கு ராய்ஸின் நாய் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்தது.

வேலிக்கு மேலே பெர்னிஸின் தலை தெரிந்தது. "என்ன ஆர்லோ, கூடாரத்துல கல்யாணமா? ஆளாளுக்குப் போறதும் வர்றதுமா இருக்கீங்க?"

"நீயும் வா பெர்னிஸ்! நாலு பேர்னா அதுக்குக் கணக்கு தப்பிடும்," என்றாள் மாவிஸ்.

"உங்க புருடாவுக்கு நானும் கூட்டா?" என்றபடி கழுத்தில் கேமராவோடு பெர்னிஸும் வந்துவிட்டாள்.

இருவருக்கான கூடாரத்தில் நாலு பேர். ஒரே இருட்டு.

"யாரு என் காலை மிதிக்கிறது?"

"ராய்ஸ், முழங்கையை எடுடா!"

"புண்ணியமாப் போகட்டும், எல்லாரும் வெளிய போங்க!" என்று ஆர்லோ கேமராவில் கண்ணைப் பதித்தார். சலசலப்பு அடங்கியது. ஜே வாயே திறக்கவில்லை.

டொக்.

அடேயப்பா! பறவைத் தீனிக்காகக் கொழுப்புக் கட்டி தொங்கிய கம்பத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், அது வந்து உட்கார்ந்திருந்தது. அடுப்புத் தணல்போல் கொண்டை. தொண்டையில் சின்னஞ்சிறு இறகுகள் துடித்தன. மஞ்சள் கண் நேராக அவரைப் பார்த்தது. இத்தனை அழகும் நம் கொல்லையிலேயே இருந்ததா என்று ஆர்லோவுக்குக் கண் கலங்கியது. அது சிறகடித்து எழுந்தபோது அந்தக் காற்று முகத்தில் பட்டது.

அப்புறம்தான் விரலைப் பார்த்தார். பொத்தான் மேலேயே இருந்தது.

"போச்சு! ஒரு படம்கூட எடுக்கலையே!"

"நானும்தான்," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

மூலையில் பெர்னிஸ். மடியில் கேமரா, கன்னத்தில் கண்ணீர்.

"நீ வெளிய போகலையா?"

"உன் புருடாவைக் கையும் களவுமாப் பிடிக்கலாம்னு உட்கார்ந்தேன்."

ஆர்லோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப சாயங்காலம் நீயே சொல்லிடு! நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க!"

பெர்னிஸ் மூக்கை உறிஞ்சினாள். "எப்படி நம்புவாங்க? படம் எங்கன்னு கேட்க அங்க என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே!"