மீன்காரன் போறான்

"தம்பி முஹ்ஸின், நீங்க தந்த சீடியப் போட்டதில இருந்து கம்பியூட்டர் ஓதுது" என்று காரைதீவில் கொமியூனிகேசன் கடை வைத்திருக்கும் பூபாலசிங்கம் தொலைபேசியில் சொன்னபோது, முஹ்ஸினுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"என்ன ஓதுது, அண்ணன்?"

"அது எனக்கென்ன தெரியும். உங்கட ஆக்கள்ற ஓதல். கடைசில ஒரு மனிசி சத்தம் போடுறா. ஓதினது போதும், மீன்காரன் போறான், எழும்புங்க எண்டு."

முஹ்ஸினின் சிரிப்பு அந்த இடத்திலேயே அடங்கிப் போயிற்று.

முஹ்ஸின் கல்முனையில் கணினி திருத்துகிறவன். திருத்துவது வயிற்றுக்கு, கட்டற்ற மென்பொருளைப் பற்றிக் கதைப்பது மனதுக்கு. பழுதான கணினியோடு வருகிறவர் யாராக இருந்தாலும் பிரசங்கம் கேட்காமல் திரும்பிப் போக முடியாது. களவாகப் பதிந்த விண்டோஸ் ஹறாம், இந்த மென்பொருள் ஹலால், யாரும் எடுக்கலாம், எத்தனை பேருக்கும் பிரதி பண்ணிக் கொடுக்கலாம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற உரிமை ஒருத்தருக்கும் கிடையாது என்று அவன் தொடங்கினால், வந்தவர் கொட்டாவி விடும்வரை நிறுத்தமாட்டான். யுத்தம் முடிந்து, சீடிக் கட்டோடு போகிறவனைச் சாவடிக்குச் சாவடி மறித்து விசாரிக்கிற காலமும் போனதும் அவனைப் பிடிக்க ஆளில்லை. தன் கணினியில் இருந்த மென்பொருளை அப்படியே சீடிகளில் பதித்து, மருதமுனையிலிருந்து திருக்கோவில் வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அப்படியே பதித்ததுதான் வினையாகப் போயிற்று. கணினியைப் போட்டதும் வருகிற சத்தமாக அவன் வைத்திருந்தது முகைதீன்பாவாவின் குரல்.

பாவா அவனுடைய ஷெய்கு, ஞானவழி காட்டும் குரு. வியாழன்தோறும் அவர் வீட்டில் இறைவனை நினைந்து ஓதும் திக்ர் நடக்கும். தன் முரீதுகளான சீடர்களுக்கு மட்டும் அவர் ஓர் ஓதலைச் சொல்லிக் கொடுப்பார். "காதால வாங்குங்க, கல்புல வைங்க. எழுதவும் வேணாம், பதியவும் வேணாம்" என்பார். முஹ்ஸினின் கல்பில் எதுவும் தங்காது. ஆகவே ஒருநாள் சட்டைப்பைக்குள் ஒரு சின்னக் கருவியை ஒளித்துவைத்துப் பதிந்துவிட்டான். அது பாவாவின் பழைய கடற்கரை வீட்டில் நடந்தது. அந்த வீட்டைக் கடல் கொண்டுபோய் ஐந்து வருடமாகப் போகிறது. ஊருக்கெல்லாம் களவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறவனிடம் இருந்த ஒரே களவுப் பொருள் அதுதான்.

அந்தப் பெண்குரலும் அதோடு சேர்ந்து பதிந்திருந்தது. பாவாவின் மகள் சுல்பிகாவுடைய குரல் என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. திரைக்குப் பின்னாலிருந்து "தேத்தண்ணி வெச்சிரிக்கி" என்று சொல்வாளே, அதே குரல். தான் மட்டும் கேட்பதுதானே என்று அதை வெட்டாமல் விட்டிருந்தான்.

விசயத்தைக் கேட்ட அவன் மனைவி றாஹிலா, அரிசி களைந்த கையோடு நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மத்தவன்ட வீட்டுப் பொம்புளட குரலையும் ஊருக்கு இலவசமாக் குடுத்திரிக்கீங்க. பெரிய வேலதான்."

முஹ்ஸினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது.

முதல் வேலையாக எல்லோருக்கும் போன் எடுத்து, கணினியைப் போடும்போது சத்தத்தைக் குறைத்துவையுங்கள் என்றான். அதுவரை கவனிக்காதவர்களும் என்னதான் வருகிறது பார்ப்போம் என்று சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டார்கள்.

அடுத்து, ஓதல் இல்லாத புதிய சீடி பதித்துக்கொண்டு போய், பழையதைத் தாருங்கள் என்று கேட்டான். இவன் இவ்வளவு பாடுபட்டு வாங்குகிறானென்றால் பழையதில் என்னமோ இருக்கிறது என்று நினைத்து, கொடுப்பதற்கு முன் ஆளாளுக்குப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். இறக்காமத்தில் கணினியே இல்லாத ஒருவரிடமும் ஒரு பிரதி இருந்தது.

பிறகு அவன் பொய் சொல்லத் துணிந்தான். பழைய சீடியில் வைரஸ் இருக்கிறது என்றான். இதற்குள் வைரஸ் தலை காட்டவே முடியாது என்று இத்தனை நாளாகச் சத்தியம் பண்ணியவன் அவன்தான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சந்தையில் அவன் தலையைக் கண்டால் யாராவது ஒருவர், "முஹ்ஸின், மீன்காரன் போறான்" என்பார்.

இந்த நேரம் பார்த்துத்தான் பாவாவிடமிருந்து சொல் வந்தது. பள்ளிவாசல் அலுவலகத்துக் கணினியைப் போடும்போது பாவா அங்கே இருந்தாராம். முழுவதையும் கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாராம். "உங்கள வரச் சொன்னார். அந்தச் சீடியையும் கொண்டு வரட்டாம்" என்றார் சொல் கொண்டுவந்தவர்.

சுனாமிக்குப் பிறகு தூக்கமில்லாமல் பைத்தியம் பிடித்தவன்போல் திரிந்த முஹ்ஸினை மனிதனாக்கியது பாவாவின் வியாழக்கிழமை மஜ்லிஸ்தான். நீ என் முரீது இல்லை என்று அவர் ஒரு சொல் சொல்லிவிட்டால் அவனுக்குப் போக்கிடமில்லை. அவர் கண்ணில் படாமல் வேறு பள்ளிவாசலில் தொழுதான். வியாழக்கிழமை காய்ச்சல் என்றான். பாவா மறுபடியும் ஆள் அனுப்பினார், அதன்பிறகும் அனுப்பினார்.

இனி ஒரு பிரதிகூட இல்லை என்று சொல்லக்கூடிய நாளில்தான் போய் நிற்பது என்று முடிவெடுத்தான். கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாக ஏறினான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பிரதி பண்ணுங்கள் என்று சொன்ன அதே வாயால், பிரதி பண்ணாதீர்கள் என்று சொல்லக் கூசியது. தன் கணினியில் இருந்ததையும் அந்தப் பழைய ஒலிப்பதிவையும் அடியோடு அழித்தான். கையில் கிடைத்த சீடிகளை முழங்காலில் வைத்து உடைத்துச் சாக்கில் போட்டான்.

பூபாலசிங்கம் மட்டும் மசியவில்லை.

"குடுத்தத திருப்பிக் கேக்கிற உரிமை ஒருத்தருக்கும் இல்ல எண்டு சொன்னது நீங்கதானே, தம்பி? காலமையில அந்த மனிசி எழும்புங்க எண்டு சொன்னாத்தான் எனக்குக் கடை திறந்த மாதிரி இருக்கு. தரமாட்டன்."

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு முஹ்ஸின் சாக்கோடு பாவாவின் வீட்டு வாசலில் நின்றான். பாவா கண்டதும் அவசரமாக எழும்பி வந்தார்.

"கொண்டு வந்தீங்களா, மகன்?"

"எல்லாத்தையும் உடைச்சிட்டன், பாவா. என்ட கம்பியூட்டர்ல இருந்ததையும் அழிச்சிட்டன்" என்று சொல்லி முஹ்ஸின் சாக்கை அவர் முன்னால் அவிழ்த்தான்.

பாவா குனிந்து ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மெல்ல வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். வெட்கத்தில் முஹ்ஸினுக்கு அழுகை வந்தது.

திரைக்குப் பின்னால் சுல்பிகா நிற்பது தெரிந்தது. அவள் பக்கம் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

"தங்கச்சி, உங்கட குரலையும் ஊரெல்லாம் கேக்க வெச்சிட்டன். என்ன மன்னிச்சிக்கங்க. காரைதீவுல ஒரு சீடிதான் மிச்சம். நாளைக்கு எப்பிடியாவது வாங்கி அதையும் உடைச்சிடுறன்."

திரை விலகியது. சுல்பிகா வெளியே வந்தாள்.

"அது என்ட குரலில்ல, முஹ்ஸின் நானா, கடலோட போன எங்கட உம்மாட குரல், அல்லாவுக்காக அந்த ஒண்டையும் உடைச்சிராதீங்க."