உப்பில் ஊறிய கையெழுத்து

"அம்மா, பெட்டியில இருந்த மஞ்சள் பனியன் எங்க?"

"பக்கெட்டுல ஊறுது" என்றாள் அம்சவல்லி அடுப்படியிலிருந்து. "புதுத் துணியாச்சே, சாயம் போகக் கூடாதுன்னு உப்பு அள்ளிப் போட்டிருக்கேன்."

மரக்காணத்தில் புதுத் துணியை உப்புத் தண்ணீரில் முக்காமல் யார் உடுத்துகிறார்கள்? அதிலும் அவள் மகன் ராஜவேல் உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த வீட்டில் உப்புக்கு என்ன பஞ்சம்?

பின்பக்கம் ஓடிப் பக்கெட்டுக்குள் கையை விட்டான். பனியனின் மஞ்சள் அப்படியே பளபளத்தது. நெஞ்சில் இருந்த கையெழுத்துதான் கரைந்து, எறும்பு ஊர்ந்த தடம் போல் மங்கிக் கிடந்தது.

"ஐயோ! அது கபடி வீரர் வேங்கை வேலாயுதம் கையெழுத்துப் போட்ட பனியன்மா!"

"யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்டா. முக்குறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு வேற தேய்ச்சேன். அப்படியும் முழுசாப் போகல."

ராஜவேல் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் அஸ்வினி வீட்டுக்குப் பெண் கேட்டுப் போக வேண்டும். அவளுடைய அப்பா பலராமன் உப்பளம் வைத்திருப்பவர். கபடி என்றால் உயிர். ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்ட பொருள் என்றால் உயிருக்கும் மேலே. ஆன்லைனில் தேடித் தேடி வாங்கி, கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருக்கிறார். அவருக்குக் கொடுக்க, அவர் வழக்கமாக வாங்கும் கடையிலேயே இந்தப் பனியனை வாங்கியிருந்தான் ராஜவேல். கடையின் பெயரைக் கேட்டுச் சொன்னதே அஸ்வினிதான். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்திருந்தாள்.

"டூப்ளிகேட் மட்டும் கொண்டாந்துடாத. போன வருஷம் என்னைப் பொண்ணு பாக்க வந்தவரு பிரிண்ட் போட்ட போட்டோவை ஒரிஜினல் கையெழுத்துன்னு நீட்டினாரு. அப்பா அவருக்குக் காபிகூடக் குடுக்கல."

பனியனைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் கடை வைத்திருக்கும் நண்பன் ஆரோக்கியராஜிடம் போனான் ராஜவேல். ஆரோக்கியராஜ் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"துணியில எழுதுற மார்க்கர் இவ்ளோ சுலபமாப் போகாதுடா. கையெழுத்துப் போடுற வீரருக்குத் தெரியாதா எதுல போடணும்னு? உன் தலையில மிளகா அரைச்சுட்டாங்க."

"சர்டிபிகேட் இருக்குதேடா! மின்னுற ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்குது."

"அந்த ஸ்டிக்கர் என் கடையிலயே ரோல் ரோலா இருக்குது. உனக்கு ஒரு ரோல் வேணுமா?"

ராஜவேலுக்குக் காது சூடானது. அங்கேயே நின்று, பனியன் விற்ற கடையின் வாட்ஸ்அப்புக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். திட்டத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது கெஞ்சலாகிவிட்டது. "ஞாயித்துக்கிழமை என் கல்யாணமே இதுலதாங்க தொங்குது."

உடனே பதில் வந்தது. 'கவலைப்படாதீங்க தம்பி. காசு வேணாம், நாளைக்கே வேற பனியன் அனுப்புறோம். சாப்பிட்டீங்களா?'

சொன்னபடியே மறுநாள் மத்தியானம் பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்த ராஜவேலுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. முந்தின கையெழுத்து வலது பக்கம் சாய்ந்திருந்தது. இது தூக்கக் கலக்கத்தில் போட்டது போல இடது பக்கம் சாய்ந்திருந்தது.

"ஒரே ஆளு ரெண்டு விதமாவா போடுவாரு? பேசாம மொத பனியன்ல நீயே போடு" என்றான் ஆரோக்கியராஜ், கடையில் இருந்த நல்ல மார்க்கரை நீட்டி. "அழிஞ்ச தடம் இருக்குதுல்ல, அது மேலயே ஓட்டு."

"தப்பில்லையாடா?"

"டூப்பு மேல டூப்பு. இதுல என்ன தப்பு?"

பழைய செய்தித்தாள் முழுக்க வேலாயுதமாக எழுதிப் பழகிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பனியனில் ஒரே இழுப்பாக இழுத்தான் ராஜவேல். வேங்கை உறுமுவது போல வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பலராமன் வீட்டுக் கூடத்தில், அவன் அந்தப் பனியனைப் பவ்யமாக நீட்டிய அதே நொடியில், அம்சவல்லி பையிலிருந்து, பார்சலில் வந்த இரண்டாவது பனியனை எடுத்து வைத்தாள்.

"ஒத்தையா குடுக்கக் கூடாதுன்னு நாந்தாங்க ஜோடியா கொண்டாந்தேன்."

பலராமன் பூதக்கண்ணாடியை எடுத்தார். இரண்டு பனியன்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த தன்னுடைய வேங்கை பனியனையும் சட்டத்தோடு இறக்கிக்கொண்டு வந்தார். கேசரித் தட்டோடு வந்த அவருடைய மனைவி சுலோசனா, கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"இது ஒரிஜினல்" என்று பலராமன் விரலை வைத்தது, ராஜவேல் போட்ட கையெழுத்தின் மேல். "என்னா வேகம் பாரு! ஆட்டக்காரன் கைன்னா இதான். அந்த இன்னொண்ணு சுத்த டூப்பு."

அஸ்வினி உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ராஜவேலும் சிரிக்க வாயைத் திறந்தான். பலராமன் முகம் மாறியது.

"அப்படின்னா… என்னுதும் இந்த டூப்பு மாதிரியே இல்ல இருக்குது? அடப்பாவிங்களா! இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கானுங்க! சுலோ, அந்த போனை எடு. சைபர் கிரைம்ல கம்ப்ளெயின்ட் குடுக்குறேன். மூணு பனியனையும் லேபுக்கு அனுப்பட்டும்!"

லேப்! ராஜவேல் கண்முன் போலீஸ், மார்க்கர், செய்தித்தாள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கல்யாணப் பத்திரிகை தானாகவே கிழிந்து பறந்தது.

"மாமா!" என்று கத்திவிட்டான். எல்லாரும் திரும்பினார்கள். "மூணும் ஒரிஜினல்தான் மாமா. என்னுது ஆட்டத்துக்கு முன்னாடி போட்டது. உங்களுதும் அந்த இன்னொண்ணும் எதிராளி பக்கம் ரெய்டு போயிட்டு வந்து மூச்சு வாங்கிக்கினு போட்டது. கை நடுங்காதா? அந்த நடுக்கத்துக்குத்தானே மதிப்பே!"

பலராமன் தன் பனியனை மறுபடி பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"நான் ஆடுன காலத்துல எனக்கும் நடுங்கும்பா. ரெய்டு போயிட்டு வந்தா டம்ளர்கூடப் பிடிக்க வராது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆட்டம் தெரிஞ்ச புள்ள. சுலோ, கேசரியை எடுத்துக் குடு. தேதி பாத்துடலாம்."

அம்சவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜவேல் கேசரியைத் தின்றானா, தட்டைத் தின்றானா என்று அவனுக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது, சுலோசனா மட்டும் வாசல் கேட் வரைக்கும் வந்தாள். அம்சவல்லி பஸ் வருகிறதா என்று பார்க்க முன்னால் போய்விட்டாள். சுலோசனா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த ஒரு புதுப் பனியனையும் மார்க்கரையும் அவன் கையில் திணித்தாள்.

"உங்க கை என் கையைவிட நல்லா ஓடுது மாப்ள. அவரு நேத்து நம்ம கடையில இன்னொரு பனியனுக்கு ஆர்டர் போட்டிருக்காரு, இதுல நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."