சோர்வின்றிப் படிப்பது எப்படி என்று நான் பேசிய கூட்டம்

படித்துப் படித்துப் பெரிய ஆளானவர்களைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். படித்துப் படித்துப் படுத்துவிட்டவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. யாராவது விசாரித்து வந்தால் அவர்கள் 'வெளியூருக்குப் போயிருக்கிறார்கள்', அல்லது 'இப்பத்தான் குளிக்கப் போனாள்'. எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில், நான் ஒரு வருடம் முழுக்கக் குளிக்கப் போயிருந்தேன்.

அதற்கு முன் மதுரையில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. கணிதம் படித்தேன். சகிக்க முடியாத பிறவியாக இருந்தேன். மற்ற பெண்கள் சினிமாவுக்குக் கிளம்பும்போது புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "தூக்கமும் சினிமாவும் சோம்பேறிகளுக்கு" என்று அருள்வாக்குச் சொல்வேன். (அவர்கள் என்னை அடிக்காமல் விட்டது பெரிய மனசு.) அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் சண்டை ஓய்ந்ததும் அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் மார்க்கோடு சண்டையைத் தொடங்கிவிட்டார். அந்தச் சண்டைக்கு நான்தான் பீரங்கி. பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டாவது ரேங்க் வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "மொத ரேங்க் யாரு வீட்டுப் பிள்ள?"

கொஞ்ச நாளில் பீரங்கி படுத்துவிட்டது. விடாத காய்ச்சல், கைநடுக்கம். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எறும்பாக ஓடின. தலையில் ஒரு பக்கம் சீவிவிட்டுப் படுத்தால், மறுபக்கத்தை அம்மா வந்துதான் சீவ வேண்டும். மஞ்சள் காமாலை இல்லை, டைபாய்டு இல்லை, காசநோயும் இல்லை. டாக்டர் 'வீக்னெஸ்' என்று சொல்லி டானிக் எழுதினார். பாட்டில்தான் தீர்ந்தது. தெருவில் காதல் தோல்வி என்று முடிவு செய்தார்கள். (காதலிக்க எனக்கு ஏது நேரம்?) சிவகாசியில் கிடைத்த விரிவுரையாளர் வேலை வேறொருத்திக்குப் போனது. அப்பா மட்டும் கடைத்தெருவில், "பாப்பா கலெக்டர் பரீட்சைக்குப் படிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் டுடோரியல் காலேஜ் நடத்துகிறவர். தான் பி.யூ.சி.யைத் தாண்டாவிட்டாலும், ஊர்ப் பிள்ளைகளைத் தாண்ட வைப்பதாகச் சொல்லிப் பிழைத்தவர். அட்மிசன் சமயத்தில் ஒரு கூட்டம் போட்டு, அதில் என்னைப் பேச வைக்கத் திட்டம். தலைப்பு: 'சோர்வின்றிப் படிப்பது எப்படி?'

"மாமா, என்னால நிக்கவே ஏலாது" என்றேன்.

"உன்ன நிக்க யாரு சொன்னா? பேசத்தான சொல்லுதேன். நீ மைக்கப் புடிச்சுக்கோ, அது உன்னப் புடிச்சுக்கிடும்."

அப்பா சொன்னார், "போய்ட்டு வாட்டி. நாலு பேரு பாத்தாத்தான் ஊரு வாயி அடங்கும்."

அம்மா மட்டும் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். நானாவது அவள் பக்கம் நின்றிருக்கலாம். ஆனால் நோட்டீசில் என் பெயருக்குப் பக்கத்தில் 'ரேங்க்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். குளியலறைக்கு எழுந்து போக முடியாத நான் அதைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். அவ்வளவு அற்பம்.

கூட்டம் சாயங்காலம், ராஜபாளையத்தில் மாமாவின் டுடோரியலில். கூரையில் தெருவைப் பார்த்து இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தலைமை தாங்கிய மில் மேனேஜர், தான் தெருவிளக்கில் படித்த கதையை, தெருவிளக்கே அணைந்துபோகும் அளவுக்கு நீட்டினார். என் முறை வந்தபோது எனக்குக் கண்ணோரம் இருட்டியிருந்தது. மாமா எழுதிக்கொடுத்து நான் மனப்பாடம் செய்திருந்ததை ஆரம்பித்தேன்.

"மாணவ மணிகளே, சோர்வு என்பது உடம்பில் இல்லை. அது மனத்தின் சோம்பேறித்தனம். நான் ஒருநாளும் சோர்ந்ததே..."

'இல்லை' என்பதற்குள் முழங்கால் மடங்கிவிட்டது. மைக்கோடு சரிந்து மேடையில் உட்கார்ந்தேன். மயக்கம் வந்திருந்தாலாவது மரியாதை. அதுவும் வரவில்லை. முழு நினைவோடு, எழுந்திருக்க முடியாமல், மடியில் மைக்கை வைத்துக்கொண்டு சபையைப் பார்த்தபடி இருந்தேன்.

அம்மா ஓடி வந்தாள். "ஒரு வருசமா படுத்துக் கெடக்குறவள மேடையேத்தாதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே." ஸ்பீக்கர் அதைக் கடைத்தெரு வரை கொண்டுபோனது.

மாமா என் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னார், "ஏட்டி, செத்த நேரம் நில்லு. அட்மிசன் முடிஞ்ச பொறவு படுத்துக்கோ." அதையும் கொண்டுபோனது.

"யாராச்சும் அந்த மைக்கப் புடுங்குங்கய்யா" என்றார் அப்பா, பரேடு மைதானத்துக் குரலில். அவருக்கு ஸ்பீக்கரே தேவைப்படவில்லை. மைக் செட்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அப்போது இரண்டாவது வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். "அக்கா, எனக்கும் இப்படித்தான் கை நடுங்குது. எழுத்தெல்லாம் ஓடுது. வீட்ல சொன்னா நடிக்கேன்னு ஏசுதாக. நான் என்ன செய்யணும்?"

பக்கத்திலிருந்த அவள் அப்பா பாவாடையைப் பிடித்து இழுத்தார். "உக்காருட்டி."

"புத்தகத்த மூடிட்டுத் தூங்கும்மா," என்றேன். "நான் தூங்கல. அதான் இங்க உக்காந்திருக்கேன்."

என் வாழ்நாளில் நான் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அதுதான். மாமா மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

இதற்குப் பிறகு டுடோரியலுக்கு யார் வருவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் வாசலில் கூட்டம் நெரிந்ததாம். "கீழ விழுற வரைக்கும் படிச்சிருக்கு பாரு அந்தப் பிள்ள. அதாம்லே ரேங்கு" என்று தகப்பன்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். மாமா மாலை வகுப்பு ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார். ரெட்டைச் சடைப் பெண்ணை அவள் அப்பா அதில்தான் சேர்த்தார். நம் பெற்றோர்களைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு ஒரு லாபம் உண்டு. விஷயம் எங்கள் ஊருக்கும் வந்துசேர்ந்து, மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்றானதும் அப்பா என்னைப் பகலிலேயே பஸ் ஏற்றி மதுரைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். "உடம்பு இருந்ததையெல்லாம் செலவழிச்சிருச்சு. திரும்பச் சேர நாளாகும். புஸ்தகத்தைத் தொடக் கூடாது" என்றார் அவர். நாளாகத்தான் செய்தது, வருடங்கள். அந்த வருடங்களில் யார் கேட்டாலும் அப்பா, "அவளுக்கு மேலுக்குச் சொகமில்ல" என்று நேராகச் சொன்னார். என் ரேங்கைச் சொல்வதைவிட அதைச் சொல்ல அவருக்கு அதிகத் தைரியம் வேண்டியிருந்திருக்கும்.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் யாராவது பிள்ளைகளின் மார்க்கை அளக்க ஆரம்பித்தால், பந்தியானாலும் துக்க வீடானாலும், ஒரு குரல் எழும்பும்: "அந்த மைக்கப் புடுங்குங்கய்யா." போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில், பேரன் விடியுமுன்னே எழுந்து நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பெருமையை மாமா தொடங்கினார். நாங்கள் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம். காது மந்தமாகிவிட்ட அப்பா, மாமாவின் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொண்டு, எங்களுக்கு முன்பாகவே சொல்லிவிட்டார். குரல் மட்டும் அன்றைய குரல்தான்.