வேரில் அது மஞ்சள்

இந்தச் சனிக்கிழமை பூமியே பிளந்தாலும் சோபாவை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வாரம் முழுக்க ஆபீஸ் காரில் உட்கார்ந்து என் முதுகே சீட்டின் வடிவத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச் வேறு.

தமயந்தி போனும் கையுமாக வந்தாள். எங்கள் அபார்ட்மெண்டில் நவராத்திரி என்றால் பெண்கள் எல்லாரும் நாளுக்கொரு கலரில் புடவை கட்டவேண்டும். செக்ரட்டரி ருக்மிணி மேடம் வாட்ஸப்பில் உத்தரவு போட்டுவிடுவார். மீறினால் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கவேண்டியதுதான்.

"இன்னிக்கு நீலமாம், நாளைக்கு மஞ்சளாம். மஞ்சப் பட்டு இருக்கு. நீலம்தான் இல்ல. கிளம்புங்க, சிக்பேட் புடவைக் கடைக்குப் போலாம்."

ஊர்க்கோடி எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நடுவூர் சிக்பேட்! நடுவில் சில்க் போர்டு சிக்னல்! அங்கே மாட்டினால் மேட்ச் என்ன, அடுத்த உலகக் கோப்பையே முடிந்திருக்கும். போனோடு பாத்ரூமுக்குள் ஓடினேன். வெளியே வரும்போது மொழி ஆராய்ச்சியாளனாக வந்தேன்.

"தமயந்தி, ப்ளூன்னா என்ன?"

"நீலம்."

"அங்கதான் தப்பு பண்ற. ஜெர்மன்ல ப்ளாவ், இத்தாலியன்ல ப்ளூ, எல்லாம் ஒரே வேர். அதே வேர்லேர்ந்து லத்தீன்ல வந்தது ஃப்ளாவுஸ். அதுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? மஞ்சள்!"

"அடேங்கப்பா."

"வேர்ல பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். அந்த மஞ்சப் பட்டையே கட்டிக்கோ. அது நீலம்தான்."

"நம்ம பொண்ணு சிந்துவுக்கு ஸ்கூல்ல ஸ்பானிஷ் நடத்தறப்போ நீலத்துக்கு அசூல்னாங்களே?"

போனை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தேன். "அது பாரசீகத்து நீலக் கல்லோட பேருலேர்ந்து வந்தது. வேற குடும்பம். அவங்க நம்ம வீட்டுக்கு வர்றதில்ல."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரிங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். சண்டையே இல்லை. கல்யாணமான நாளாக இவள் ஒரே பேச்சில் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்குப் பயம் வந்தது. மேட்ச் போட்டேன், பார்க்க முடியவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தேன். பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்தேன். அதற்குள் ஒரு விக்கெட் விழுந்திருந்தது. நம்முடையதா அவர்களுடையதா என்றுகூடக் கவனிக்கவில்லை.

"கோவமா?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் பாட்டு முணுமுணுக்கற?"

"சந்தோஷமா இருக்கேன்."

பயம் இரண்டு மடங்கானது. சாப்பாட்டுக்குப் பிறகு, "வீணாவைப் பாத்துட்டு வரேன்" என்று சி பிளாக்குக்குப் போனாள். வீணா வீட்டிலேயே புடவை விற்பவள் என்பது அப்போது என் ஆராய்ச்சி மூளைக்கு எட்டவில்லை.

சாயங்காலம் அறைக்கதவு திறந்தது. மயில் கழுத்து நீலத்தில், மடிப்புகூடக் கலையாத புத்தம் புதுப் பட்டில் தமயந்தி நின்றாள்.

"இந்த நீலப் புடவை ஏது?" அலறினேன்.

"நீலமா? நம்ம மஞ்சப் பட்டுதாங்க இது. வேர்ல பாருங்க." உள்ளே போட்டிருந்த ஜாக்கெட் தெரியக் கையைத் தூக்கிக் காட்டினாள். "அதே மஞ்ச ஜாக்கெட்தானே?"

"சரி, நாளைக்காவது பீரோவுல இருக்கற மஞ்சளைக் கட்டுவியா?"

"அது எப்படிங்க? அதுதான் நீலம்னு நீங்களே சொல்லிட்டீங்களே. இப்ப மஞ்சளுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்ல. வீணாகிட்டயும் தீந்துபோச்சு."

ஞாயிறு காலை. சில்க் போர்டு சிக்னல். முன்னால் பஸ், பின்னால் லாரி, பக்கத்தில் தமயந்தி.

"ஏங்க, திங்கக்கிழமை பச்சையாம். பச்சைக்கு வேர் என்ன?"

"பச்சைன்னா பச்சைதான் தாயே. அதுக்கு வேரே கிடையாது. ரெண்டாவே வாங்கிக்கோ."