புகைக் குழாயில் ஒரு கைக்குட்டை

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பியூலாவை வீட்டுக்கு வரவழைத்தே தீருவது என்று தீர்மானித்தேன். பியூலா என் மனைவி. பேரனைப் பார்த்துக்கொள்ள நாகர்கோவிலில் மகள் பிளஸ்ஸி வீட்டுக்குப் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. சேலையூர் வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும் மட்டும் இருந்தோம். ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது முனகி மனதை ஆற்றிக்கொண்டது.

ஏக்கமாக இருக்கிறது, வந்துவிடு என்று போனில் சொல்லலாம்தான். அறுபத்திரண்டு வயதில் அதற்கு வாய் வரவில்லை. தினமும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அதனால் தோட்டத்துப் புல் வெட்டும் மெஷினைக் கெடுத்தேன். புல் முழங்காலுக்கு வளர்ந்துவிட்டது என்றால் அவளுக்குத் தூக்கம் வராது. அந்த மெஷினில் எந்த மெக்கானிக்கையும் கை வைக்க விடவும் மாட்டாள். ஒரு பழைய கைக்குட்டையைக் கிழித்துப் புகைக் குழாயில் திணித்தேன். கயிற்றை இழுத்துப் பார்த்தேன். மெஷின் இருமக்கூட இல்லை. எனக்குப் பரம திருப்தி.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. பியூலா ஐ.டி.ஐ.யில் இருபத்தாறு வருஷம் எஞ்சின் பாடம் எடுத்தவள்.

மெஷின் செத்துவிட்டது, நீ வந்தால்தான் உண்டு என்று போனில் புலம்பினேன். அவள் பதறவில்லை. பெட்ரோலில் ஆயில் கலந்தீர்களா என்று கேட்டாள். கலந்திருந்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னாள். ஈரமாக இருந்தது. அதை மெஷினின் இரும்பில் ஒட்டி வைத்துக் கயிற்றை இழுக்கச் சொன்னாள். பளிச்சென்று பொறி பறந்தது. ஏர் ஃபில்டரும் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு பதிலையும் துக்க வீட்டுக் குரலில் சொன்னேன்.

"பெட்ரோல் வருது, கரண்ட் வருது, காத்தும் வருது," என்றாள். "புகைக் குழாய்ல இருக்கிற துணி என்ன கலர்?"

"பச்சைக் கட்டம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினேன்.

"எதுக்குங்க அடைச்சீங்க?"

இனி எதை மறைப்பது? "தினமும் ரெண்டு டம்ளர் எடுத்து வச்சுட்டு, ஒண்ணுல மட்டும் காபி ஊத்தறேன் பியூலா. முடியலை. வந்துடு."

என் குரல் உடைந்துவிட்டது. அவள் மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல தாம்பரத்துல இறங்கறேன். டிக்கெட் எடுத்துப் பத்து நாளாச்சு."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க இதைச் சொல்லியிருப்பீங்களா? முப்பத்துமூணு வருஷமா இதுக்குத்தானே காத்துகிட்டிருக்கேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அழுதது போதும். அந்தத் துணியை எடுத்துட்டு, நான் வர்றதுக்குள்ள புல்லை வெட்டி முடிங்க."