முட்டி மடக்க முடியாதாம்

"...அப்புறம் சம்பந்தி, பூக்காரர், சமையல்காரர், குருக்கள் எல்லார்கிட்டயும் பேசிட்டேன். முட்டி மடக்க முடியாதாம். மேடையில ஒரு நாற்காலி போட்டுடலாமா? பாவம், தரையில உக்காந்தா எழுந்திருக்க முடியாதுலா!"

கிள்ளானிலிருந்து வந்த அந்தக் குரல் செய்தியைக் கன்னையா திரும்பத் திரும்பக் கேட்டார். பேசியவர் ரெங்கசாமி. கன்னையாவின் மகள் தாமரைக்கு மாமனாராகப் போகிறவர். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"என் முட்டியைப் பத்தி அவருக்கு யாரு சொன்னது?" என்று மனைவி பவுனம்மாளை முறைத்தார்.

"யாரும் சொல்ல வேணாம். நீங்க படி ஏறும்போது போடுற சத்தம் கிள்ளான் வரைக்கும் கேட்குது."

"பாவமாம்ல, பாவம்!"

அந்த வார்த்தைதான் அவரைச் சுட்டது. பஸ் ஓட்டி ரிடையர் ஆன நாளிலிருந்து அவருக்குக் கிடைப்பதெல்லாம் பரிதாபம்தான். எல்ஆர்டி ரயிலில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். பாசாரில் காய்கறி வாங்கினால் கேட்காமலே பையைத் தூக்கி வருகிறார்கள். பெற்ற மகளைத் தாரை வார்க்கும் மேடையிலுமா? எல்லாரும் தரையில் இருக்க, தான் மட்டும் நாற்காலியில், கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருப்பவர் மாதிரி!

உடனே பதில் அனுப்பினார். "நாற்காலி வேணவே வேணாம் சம்பந்தி. தரைதான் முறை. முட்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்படியா? நீங்க சொன்னா சரிதான். கஷ்டப்படாம இருந்தா சரி" என்று பதில் வந்தது.

அதை மெய்ப்பிக்க அப்போதே கூடத்தில் சம்மணம் போட இறங்கினார். பாதி வழியில் முட்டி நின்றுவிட்டது. மீதி வழியை உடம்பு தானாகவே போய்ச் சேர்ந்தது. பவுனம்மாள் தைலம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க வீக்கம் கூடியது.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஃபிசியோதெரபிஸ்ட் நஸ்ரினின் முன்னால் போய் உட்கார்ந்தார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு நின்றது. நஸ்ரின் அதன் காலைத் தூக்கிக் காட்டினாள்.

"முட்டி கதவுக் கீல் மாதிரி, அங்கிள். மடக்கலாம், நீட்டலாம், அவ்வளவுதான். கதவைப் பக்கவாட்டுல முறுக்கினா என்ன ஆகும்?"

"கீல் பிஞ்சுடும்."

"அதைத்தான் நீங்க பண்றீங்க. சம்மணம் போடும்போது திரும்ப வேண்டியது இந்த இடுப்பு மூட்டு. பாருங்க, கிண்ணத்துக்குள்ள பந்து. எல்லாப் பக்கமும் சுழலும். அத்தனை வருஷம் பஸ் சீட்லயே உக்காந்து உங்களுது இறுகிப் போச்சு. அது திரும்பாததால பாரமெல்லாம் முட்டி மேல விழுது."

"அப்ப முட்டி மேல தப்பு இல்ல?"

"முட்டி அப்பாவி, அங்கிள்."

கன்னையாவுக்கு அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

"ஆனா ஒரு மாசத்துல கஷ்டம்தான். பேசாம நாற்காலியில..."

"அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதம்மா!"

மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கி, தொடைகளை மெதுவாக இரண்டு பக்கமும் சாய்க்க வேண்டும். காலையும் மாலையும் செய்தால் போதும் என்று நஸ்ரின் சொல்லி அனுப்பினாள். கன்னையா சாப்பிடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் செய்தார். நான்காம் நாள் சாய்ந்த தொடைகள் திரும்பிச் சேர மறுத்தன. வாத்து மாதிரி நடந்து வந்தவரைப் பார்த்துத் தாமரைக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்பா, கல்யாணத்துக்கு வர்றவங்க என்னைப் பாப்பாங்களா, உங்க நடையைப் பாப்பாங்களா?"

கன்னையா விடவில்லை. ஒருநாள் சாயங்காலம், யாரும் எதிர்பாராமல், சம்மணம் விழுந்துவிட்டது! "பவுனு! இங்க வந்து பாரு!" என்று கூவினார். அவள் வந்து பார்த்தாள், மெச்சினாள், போய்ச் சோறு வடித்தாள். திரும்பி வந்தபோதும் அவர் அங்கேயே இருந்தார்.

"ஏன் எழுந்திருக்கலை?"

"அது இன்னும் கத்துக்கல."

எழுவதற்கு ஒரு திட்டம் போட்டார். மேடையில் அவர் இருமினால், பக்கத்தில் இருக்கும் பவுனம்மாள் ஏதோ காதில் சொல்வது போலக் குனிந்து, கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். ஒத்திகையெல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் சம்பாலுக்கு மிளகாய் விழுது வதக்கிய நெடியில் அவர் நிஜமாகவே இருமினார். கரண்டியோடு ஓடி வந்தவள், சட்டென்று ஒரே இழுப்பாக இழுத்தாள். தோளும் கிண்ணத்துக்குள் பந்துதான் என்பதைக் கன்னையா அன்று வலியோடு தெரிந்துகொண்டார்.

"இப்பவாவது ஒரு நாற்காலி..."

"பவுனு!"

கல்யாண நாள் காலை. கிள்ளான் மண்டபத்துக்குள் நுழைந்த கன்னையா அப்படியே நின்றுவிட்டார். மேடையில் சிவப்பு வெல்வெட் போட்ட நாற்காலி ஒன்று இருந்தது.

"யாரு போட்டது இதை?"

"மாப்பிள்ளை வீட்டுல சொன்னாங்க பாஸ்" என்றார் மண்டப மேனேஜர். "எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்னாங்க."

"ஒண்ணா! ஒரே ஒண்ணா!"

வலிக்காத கையால் நாற்காலியை இழுத்துக்கொண்டு, வாத்து நடையில் வாசலுக்குப் போனார். அலங்காரக்காரரின் லோரி கிளம்பிக்கொண்டிருந்தது. நாற்காலியை அதில் ஏற்றிவிட்டார். அது கேரி தீவில் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டது.

மேடை ஏறினார். பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை நினைத்துக்கொண்டார். முட்டியை முறுக்காமல், இடுப்பைத் திருப்பி, மெல்ல மெல்ல இறங்கினார். சம்மணம்! மகளுக்குப் பக்கத்தில், மற்ற எல்லாரையும் போல, தரையில் இருந்தார். கண் கலங்கியது. வலியால் பாதி, சந்தோஷத்தால் பாதி. தாமரை அவர் கையைத் தொட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு இன்னொரு தோளையும் கொடுத்திருப்பார்.

எதிரே அமர்ந்திருந்த ரெங்கசாமியை நிமிர்ந்து பார்த்தார். "பாத்தீங்களா சம்பந்தி?"

"பாத்தேன், பாத்தேன். நல்லா உக்காந்திருக்கீங்க. ஆனா அந்த நாற்காலி..."

"இனிமே அந்தப் பேச்சே வேணாம்!"

ரெங்கசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாதஸ்வரம் கிளம்பியது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு, நெரிசலில் மாட்டித் தாமதமான குருக்கள் அவசரமாக மேடை ஏறினார். ஓமகுண்டத்தைப் பார்த்தார். போட்டிருந்த பலகையைப் பார்த்தார். இடமும் வலமும் தேடினார். பிறகு தரையில் கம்பீரமாக வீற்றிருந்த கன்னையாவிடம் குனிந்து கேட்டார்:

"முட்டி மடக்க முடியாதுன்னு மாப்பிள்ளையோட அப்பாகிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தேனே, எங்க சார் என் நாற்காலி?"